அமாவாசை மாதிரி ஒரு பள்ளிக்கூடம்

தலைமைப் பண்புப் பயிற்சிக்குப் போய்த் திரும்பிய எந்தத் தலைமையாசிரியர் கையிலும் ஒரு மாதத்துக்காவது போனைக் கொடுக்கக் கூடாது. அரசாங்கம் இப்படி ஓர் ஆணை போட்டால் கல்வித் துறையில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மீதிப் பாதி, பயிற்சிக்கே அனுப்பாமல் இருந்தால் தீரும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வருஷத்தில், சர்வாதிகாரி, ஜனநாயகவாதி, தொலைநோக்காளர் ஆகிய எல்லா வேஷமும் கட்டி, கடைசியில் மாணவர்களே இல்லாத பள்ளிக்கூடத்தை ஓர் அதிகாரிக்குச் சுற்றிக் காட்டிய தலைவன் நான். உலகத்தில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், போய்க் கட்டிப்பிடித்துக்கொள்கிறேன்.

காஞ்சிபுரத்தில், ஏனாத்தூர் போகும் பக்கம், ஊர் முடியும் இடத்தில் இருந்த அரசு உயர்நிலைப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியர். பத்தாவது வரைதான் வகுப்பு. பிள்ளைகளில் பாதிப் பேர் நெசவுத் தெருக்களிலிருந்து வருபவர்கள். நானோ வாலாஜாபாத்காரன். ரைஸ் மில்லுக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்ததால் எனக்கு மெதுவாகப் பேச வராது. அந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் பல வருஷம் நிர்வாகம் செய்தேன். அறை வாசலில் நின்று ஒரு அதட்டல் போட்டால் மாடி வகுப்பு வரைக்கும் அடங்கும். ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சுற்றறிக்கையில் எழுதி அனுப்புவேன். எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், ஒருவரும் படிக்க மாட்டார்கள். அதனால் ஒரு தவறும் நடந்ததில்லை.

இங்கே அமாவாசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கைத்தறிக்கு ஞாயிற்றுக்கிழமையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அமாவாசைதான் விடுமுறை. மற்ற நாளெல்லாம் தெருவில் நுழைந்தால் வீட்டுக்கு வீடு டக்கு டக்கென்று தறிச் சத்தம் காதைப் பிடித்து இழுக்கும். அமாவாசையன்று எல்லாத் தறியும் நின்றுவிடும். என் மனைவி கௌரி பெரிய காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பம். கல்யாணமான புதிதில் ஓர் அமாவாசையன்று மாமனார் வீட்டுக்குப் போனேன். தெருவில் ஒரு சத்தம் இல்லை, ஈ காக்கா இல்லை. யாரோ பெரிய மனிதர் தவறிவிட்டார் என்று முடிவு கட்டி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மாமனார் கையைப் பிடித்து, "எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்டேன். (அவர் டீ எடுத்து வரச் சொன்னார்.)

அந்தத் தெருப் பிள்ளைகள் அமாவாசையன்று பள்ளிக்கு வர மாட்டார்கள். குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். "மாசத்துக்கு ஒரு நாள்தான சார், எப்டியும் பாதிப் பசங்க வர்றதில்ல, லீவு வுட்டுட்டு சனிக்கெழம வெச்சிக்கங்க" என்று பெற்றோர் கூட்டத்தில் கெஞ்சினார்கள். நான் எழுந்து, "வானத்துல நிலா இல்லன்னா வகுப்புல வாத்தியாரும் இல்லாம போயிடுவாரா?" என்று கர்ஜித்தேன். அந்த வசனம் எனக்கே ரொம்பப் பிடித்துப்போய், அடுத்த நாள் தகவல் பலகையிலும் எழுதி வைத்தேன். பெற்றோர்கள் படித்துவிட்டுப் போனார்கள். அடுத்த அமாவாசையன்று மீதிப் பாதியும் வரவில்லை.

இந்த நிலையில்தான் பயிற்சிக்கு ஆணை வந்தது.

பயிற்சி கொடுத்தவர் கழுத்தில் டையும் காலில் சாக்ஸ் இல்லாத ஷூவும் போட்டிருந்தார். வாழ்நாளில் ஒரு எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்குள் தனியாக நுழைந்திருப்பாரா என்பது சந்தேகம். ஆனால் தலைமை என்றால் என்ன என்று எங்களுக்கு அவர்தான் சொன்னார். சர்வாதிகாரத் தலைமை, ஜனநாயகத் தலைமை, கண்டும் காணாத தலைமை, உருமாற்றும் தலைமை என்று வரிசையாகச் சொல்லி, நாங்கள் எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வித்தாளும் கொடுத்தார். எனக்குச் சர்வாதிகாரி என்று வந்தது. பக்கத்தில் இருந்த தலைமையாசிரியர்கள் நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து கௌரியிடம் மனம் வெதும்பிச் சொன்னேன்.

"இன்னாங்க சொல்றீங்க? யாரு, நீங்களா சர்வாதிகாரி?" சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னா கொழம்பு வைக்கட்டும்னு கேட்டா அதுக்கே ரெண்டு தபா வெளிய போய் யோசிச்சிட்டு வருவீங்க. இதுக்குப் பேரு சர்வாதிகாரமா?"

வீட்டில் நான் கண்டும் காணாத தலைமை என்பது அப்போது உறைத்தது.

பயிற்சியின் கடைசி நாள் தகவல் தொடர்பு பற்றியது. அன்று டைக்காரர் சொன்னதையெல்லாம் நான் வேத வாக்காக எடுத்துக்கொண்டேன். கட்டளை போடாதீர்கள், படம் வரைந்து காட்டுங்கள் என்றார். அதாவது, 'சத்தம் போடாதே' என்பது கட்டளையாம். அமைதி எப்படி இருக்கும் என்று கேட்பவர் மனதில் படமாக வரைந்தால் அவரே அடங்கிவிடுவாராம். அந்தப் படத்தையும் கேட்பவரின் மொழியில், அவர் வாழ்க்கையிலிருந்து எடுத்து வரைய வேண்டுமாம். அப்புறம், செய்தியை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடக் கூடாது, ஒவ்வொருவரும் அதைத் தன் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும், அப்போதுதான் அது அவர்களுடைய செய்தி ஆகும் என்றார். நான் கண் கலங்கிக் கைதட்டினேன். பக்கத்தில் இருந்தவர் மணி எத்தனை என்று கேட்டார்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும் சீர்திருத்தம் தொடங்கியது. என் அறைக் கதவு இனி மூடப்படாது என்று அறிவித்தேன். முதலில் உள்ளே வந்தது ஓர் ஆடு. அடுத்து உள்ளே வந்தவர் உடற்கல்வி ஆசிரியர் தனசேகர். பள்ளியிலேயே ஒழுங்காகச் சுற்றும் மின்விசிறி என் அறையில்தான் இருந்தது. அதன் அடியில் தினமும் மதியம் கொஞ்ச நேரம் கண்ணை மூடி, என் ஜனநாயகத்தை அனுபவித்தார்.

பிறகு ஆசிரியர் கூட்டம். நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னேன். நடுவில் நின்று, "இனிமே இங்க யாரும் ஊழியர் இல்ல. எல்லாருமே தலைவர்கள்தான்" என்றேன்.

உதவித் தலைமையாசிரியை விக்டோரியா டீச்சர் கணக்குப் பாடம் எடுப்பவர். நெசவுக்கும் அவர் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை, அப்பா தையல் கடை வைத்துப் படிக்க வைத்தவர். ஒரு வாக்கியத்தில் தேவையில்லாமல் ஒரு சொல் கூடப் பேச மாட்டார். கையைத் தூக்கினார்.

"எல்லாரும் தலைவர்னா, வேலைய யார் சார் செய்யறது?"

வட்டம் சிரித்தது. நானும் ஜனநாயகமாகச் சிரித்தேன். விக்டோரியா டீச்சரைக் கல்வித் தலைவர் ஆக்கினேன். தனசேகரை ஒழுங்குத் தலைவர் ஆக்கினேன். வகுப்பாசிரியர்கள் எல்லோரும் பெற்றோர் தொடர்புத் தலைவர்கள். சுற்றறிக்கைக்கு முழுக்குப் போட்டாயிற்று. இனி நான் விக்டோரியா டீச்சருக்குச் சொல்வேன், அவர் தனசேகருக்கு, தனசேகர் வகுப்பாசிரியர்களுக்கு, அவர்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களுக்கு. ஒவ்வொருவரும் சொந்த வார்த்தையில். பெற்றோர் குழுக்களிலிருந்து நானே விலகிக்கொண்டேன். நம்பிக்கை வைத்தால் முழுசாக வைக்க வேண்டும் அல்லவா?

இந்தக் கூத்தெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த நல்ல செய்தி வந்தது. பள்ளியை மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தக் கேட்டு நாங்கள் போட்ட விண்ணப்பத்தைப் பார்த்து, நேரில் ஆய்வு செய்ய சென்னையிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வருகிறார்.

இது எனக்கு விளையாட்டு விஷயமில்லை. பத்தாவது முடித்த பிள்ளைகள் பிளஸ் ஒன் சேர வேண்டுமானால் ரெண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பையன்கள் எப்படியோ தொற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பெண்களில் வருஷா வருஷம் சிலர் அத்தோடு நின்றுவிடுவார்கள். அந்த வருஷம் நிற்கப் போகிறவள் யார் என்றுகூட எனக்குத் தெரியும். பத்தாவதில் தாரணி என்று ஒரு பெண். வாயாடி. கணக்குப் பதிவியல் எடுத்து ஆடிட்டர் ஆவேன் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் அம்மா செல்வி என் அறைக்கே வந்து (கதவுதான் திறந்திருக்கிறதே) நேராகச் சொல்லிவிட்டார்.

"ரெண்டு பஸ் மாறிலாம் பொண்ண அனுப்ப மாட்டேன் சார். காலைல ஏறனான்னா எறங்கற வரைக்கும் எனக்கு வேல ஓடாது. பட்டுக் கடைல சேல்ஸுக்கு ஆள் கேட்டுக்கினு இருக்காங்க. பரீட்ச முடிஞ்சதும் போய் நிக்கட்டும்."

"இங்கயே பிளஸ் ஒன் வந்துட்டா?"

"வந்தா படிக்கட்டும். நான் இன்னா வேணான்னா சொல்றேன்?"

ஆக, அதிகாரி வந்து பார்த்து 'சரி' என்று எழுத வேண்டும். எழுதினால் தாரணி ஜூன் மாதம் பிளஸ் ஒன். எழுதாவிட்டால் புடவை மடிப்பாள். அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கலாம்தான். அதுவரை தாரணியை யார் நிறுத்தி வைப்பது?

அந்த அதிகாரி அம்மாவைப் பற்றி ஒரே ஒரு தகவல் கிடைத்தது. அவருக்குச் சத்தம் அறவே பிடிக்காதாம். ஏதோ ஒரு பள்ளியில் பிள்ளைகள் கூச்சல் போட்டதைக் கேட்டுவிட்டு, காரை விட்டே இறங்காமல் திரும்பிவிட்டாராம். யார் சொன்னது என்று கேட்காதீர்கள். எல்லோரும் சொன்னார்கள்.

எங்கள் பள்ளியோ சந்தைக்கடை. ஆகவே வருகைக்கு முந்தின நாள் சாயங்காலம், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, விக்டோரியா டீச்சருக்கு ஒரு குரல் செய்தி பதிவு செய்தேன். கட்டளை போடவில்லை. படம் வரைந்தேன். அதுவும் கேட்பவர் வாழ்க்கையிலிருந்து எடுத்து.

"டீச்சர், வணக்கம். நாளைக்கு நம்ம ஸ்கூல் எப்படி இருக்கணும்னு ஒரு படம் சொல்றேன், மனசுல வாங்கிக்கங்க. அமாவாசையன்னிக்கு நெசவுத் தெரு எப்படி இருக்கும்? அதே மாதிரிதான் நாளைக்கு நம்ம ஸ்கூலும் இருக்கணும். அமாவாசை மாதிரி! பிரேயர் கிடையாது, பெல் கிடையாது. அதிகாரி வராங்க. உங்க சொந்த வார்த்தையில எல்லாருக்கும் சொல்லிடுங்க."

அனுப்பிவிட்டு என் குரலை நானே இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். என்ன நயம்! என்ன சுருக்கம்! அடுப்படியிலிருந்து கௌரி எட்டிப் பார்த்தாள்.

"நாளைக்கு இன்னாங்க, லீவா?"

"லீவா? நாளைக்குத்தான்டி முக்கியமான நாளே!" என்றேன். இவ்வளவு தெளிவாகப் பேசியும் இவள் காதில் சரியாக விழவில்லையே, என்ன இருந்தாலும் பயிற்சி இல்லாதவள் என்று மனதுக்குள் பரிதாபப்பட்டேன்.

கொஞ்ச நேரத்தில் போன் அதிர ஆரம்பித்தது. பெற்றோர்கள் எனக்கே நேரடியாகச் செய்தி அனுப்பினார்கள். கும்பிடும் கைகள், பூங்கொத்துகள். "ரொம்ப நன்றி சார்." "எங்க கஷ்டம் உங்களுக்குப் புரிஞ்சிது சார்." "இவ்ளோ நாள் உங்கள தப்பா நெனச்சிட்டோம், மன்னிச்சிடுங்க." ஒரு வரிப் படம் இவர்களை இந்த அளவுக்கா உருக்கிவிட்டது என்று பூரித்துப்போனேன். டைக்காரர் காலில் விழ வேண்டும் போலிருந்தது. 'எல்லாம் உங்களுக்காகத்தான்' என்று எல்லோருக்கும் பதில் போட்டேன். போட்ட விரலை உடைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை நான் பள்ளிக்குள் போகவே இல்லை. அதிகாரிக்கு வழி தெரியாமல் போய்விடக் கூடாதே என்று, மெயின் ரோடு திருப்பத்தில் சால்வையும் மாலையுமாக வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டேன். அமைதியைப் போதிக்கிறவன் பையிலிருந்து சினிமாப் பாட்டு கேட்டால் நன்றாகவா இருக்கும்? அந்த நேரத்தில் விக்டோரியா டீச்சர் என்னை எத்தனை முறை அழைத்தார் என்பதைப் பிற்பாடுதான் பார்த்தேன்.

கார் வந்தது. அதிகாரி அம்மா காட்டன் புடவையும் மூக்குக் கண்ணாடியுமாகப் பார்க்க எளிமையாக இருந்தார். சால்வையை வாங்கி டிரைவரிடம் கொடுத்துவிட்டு, என்னையும் காரிலேயே ஏற்றிக்கொண்டார். வாசலில் இறங்கினோம்.

ஆகா! பள்ளி அப்படியே அமாவாசைத் தெரு மாதிரி இருந்தது. கூட்டிப் பெருக்கின மைதானம். ஒரு குண்டூசி விழுந்தால் கேட்கும். அந்தப் பள்ளியில் அப்படி ஓர் அமைதியை நான் கோடை விடுமுறையில்கூடக் கண்டதில்லை. எனக்குக் கர்வத்தில் நெஞ்சு விம்மியது. ஆசிரியர்கள் எல்லோரும் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். விக்டோரியா டீச்சர் கண்ணை உருட்டி, தலையைப் பக்கவாட்டில் ஆட்டி, கையால் என்னவோ சைகை செய்தார். பேசக்கூட மாட்டேன் என்கிறாரே, எப்பேர்ப்பட்ட ஒழுங்கு என்று நான் பதிலுக்குக் கட்டை விரலைக் காட்டினேன்.

"பிள்ளைங்கள்லாம் எங்க சார்?" என்றார் அதிகாரி.

"உள்ளதான் மேடம்," என்றேன் கிசுகிசுவென்று.

"ஏன் சார் ரகசியம் பேசறீங்க?"

"பசங்க படிக்கிறாங்க மேடம்."

அடி மேல் அடி வைத்து ஆறாம் வகுப்புக்கு அழைத்துப் போனேன். கதவைத் தள்ளினேன். பெஞ்சுகள் இருந்தன. விளையாட்டு வகுப்பாக இருக்கும் என்று சமாளித்தேன். ஏழாவதைத் திறந்தேன். அங்கேயும் பெஞ்சுகள். எட்டாவதில் கரும்பலகையில் 'நல்வரவு' என்று கலர் சாக்பீஸில் பெரிதாக எழுதியிருந்தது, அதைப் படிக்கத்தான் ஆளில்லை. பின்னால் திரும்பித் தனசேகரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். ஒன்பதாவதைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதிகாரியே திறந்து பார்த்து, மெதுவாக மூடினார்.

"நல்லா அமைதியா இருக்கு சார் உங்க ஸ்கூல்" என்றார்.

அந்த இடத்திலேயே உயிர் போயிருந்தால் அரசு மரியாதை இல்லாவிட்டாலும் கொஞ்சம் கௌரவமாகவாவது இருந்திருக்கும். போகவில்லை.

பத்தாம் வகுப்பில் ஓர் ஆள் இருந்தாள். முதல் பெஞ்சில், சீருடை போட்டு, புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, தாரணி. எங்களைப் பார்த்ததும் எழுந்து, மொத்த வகுப்பின் சார்பாகவும் "வணக்கம் மேடம்" என்று பாடினாள்.

"நீ மட்டும் எப்படிம்மா வந்த?"

"லீவுன்னுதான் மேடம் சொன்னாங்க. வூட்டுல இருந்தா எங்கம்மா பட்டுக் கடைக்கு இட்டுக்கினு போயி முதலாளிகிட்ட காட்டிட்டு வந்துடும். அதான் கௌம்பி இங்க வந்துட்டேன்."

"யாரு லீவு விட்டது?"

தாரணி என்னைப் பார்த்தாள். ஒரு தலைவனை அவன் மாணவி அப்படிப் பார்க்கக் கூடாது. "எச்செம் சார்தான் மேடம். அமாவாசைக்கு."

அதிகாரி சுவர்க் காலண்டரைப் பார்த்தார். அன்று பௌர்ணமி.

பிறகு நடந்தது விசாரணை. அதிகாரி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவர் போனாக வாங்கிக் கேட்டார். முதலில் என் குரல் ஒலித்தது. முந்தின நாள் எனக்கு அமுதமாக இருந்த குரல், அன்று ரைஸ் மில் மாதிரி இருந்தது. அடுத்து விக்டோரியா டீச்சரின் சொந்த வார்த்தை: "நாளைக்கு அமாவாசை மாதிரி நடத்த ஹெச்.எம். விரும்புகிறார். பிரேயர், பெல் இல்லை. அதிகாரி வருகிறார்." அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்தது தனசேகர், நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. "எல்லாருக்கும் சொல்லிக்கிறேன்பா, நாளைக்கு அமாவாசை கணக்கு. எச்செம் ஆர்டர். பெல் கெடையாது. டீச்சருங்க மட்டும் கரெக்டா வந்துடணும், ஆபீசர் வராங்க."

"ஏம்பா," என்று நான் அவரிடம் பல்லைக் கடித்தேன், "அமைதியா இருக்கணும்னுதானய்யா அர்த்தம்!"

"சார், எங்க வூட்டுல அமாவாசைன்னா வேலைக்கு லீவு. அமைதின்னா அமைதின்னு சொல்ல வேண்டிதான சார்? நீங்களே எறங்கி வந்துட்டீங்கன்னு நெனச்சி எங்கப்பா உங்களுக்காக அர்ச்சனை பண்ணாரு."

கடைசியாகப் பெற்றோர் குழுவுக்கு ஒரு வகுப்பாசிரியை எழுதியிருந்தது: "அன்பான பெற்றோர்களே, உங்கள் நெடுநாள் கோரிக்கையை ஏற்று அமாவாசை விடுமுறை அறிவிக்கப்படுகிறது." அதன் கீழே ஒரு பெற்றோரின் சொந்த வார்த்தை: "இதுக்காக மெட்ராஸ்லேர்ந்து ஆபீசர் வந்து சாருக்குச் சால்வை போடுறாங்களாம்." அதற்கும் கீழே கும்பிடும் கைகள், வரிசை வரிசையாக.

அமாவாசை அன்று இல்லையே என்று ஊரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா? தோன்றியிருக்கிறது. எச்செம் வாயிலிருந்து வந்துவிட்டதே, மனசு மாறுவதற்குள் அனுபவித்துவிடுவோம் என்று பௌர்ணமியும் அதுவுமாகக் காமாட்சியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போயிருக்கிறார்கள்.

"பன்னண்டு மணிக்கு நான் கிளம்பணும்," என்றார் அதிகாரி. "அதுக்குள்ள பிள்ளைங்களப் பாத்தா எழுதுவேன். இல்லன்னா இல்லன்னுதான் சார் எழுத முடியும்."

தாரணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயா, என்னைக் கேலி செய்யுங்கள், சஸ்பெண்டுகூடச் செய்யுங்கள், இந்தப் பெண்ணைப் புடவை மடிக்க அனுப்பிவிட்டேனே என்கிற ஒன்றைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஜனநாயகமாவது, உருமாற்றமாவது! வாசலுக்கு ஓடிப்போய், வாலாஜாபாத் குரலில் கத்தினேன். "எல்லாரும் வண்டிய எடுங்க! தெருவுக்கு ஒரு ஆள் போங்க! பசங்கள இட்டுக்கினு வாங்க! லீவு கிடையாது! புரிஞ்சுதா? லீவு கிடையாது!"

சொந்த வார்த்தையில் சொல்லலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

தனசேகர் விசில் ஊதிக்கொண்டே பைக்கில் பறந்தார். வகுப்பாசிரியர்கள் ஸ்கூட்டியில் கிளம்பினார்கள். விக்டோரியா டீச்சர் கோயில் வாசலுக்கே போய், செருப்பு விடும் இடத்தில் நின்று, வெளியே வந்த பிள்ளைகளைப் பெயர் சொல்லிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். பதினோரு மணிக்கு மேல் வரத் தொடங்கினார்கள். பாவாடை சட்டை, பர்த்டே கவுன், வேட்டி, நெற்றி நிறைய குங்குமம், கையில் தேங்காய் மூடி. கூடவே அம்மா அப்பாக்கள், சித்தப்பாக்கள். எச்செம்முக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தெருவில் பரவியிருந்ததால், என்ன ஆனது என்று பார்க்கவும் ஒரு கூட்டம். பள்ளி அலறியது. நான் அதிகாரியின் காலடியில் கிட்டத்தட்டக் குனிந்து, "மன்னிச்சிடுங்க மேடம், உங்களுக்குச் சத்தம் பிடிக்காதுன்னு தெரியும்…" என்றேன்.

"யாரு சொன்னது? நான் அஞ்சாறு வருஷம் பெண்கள் பள்ளியில ஹெச்.எம்.மா இருந்தவ சார். சத்தம் இல்லன்னாதான் எனக்குப் பயமா இருக்கும். இவ்வளவு நேரம் எனக்குப் பயமாத்தான் இருந்துது."

அந்த நேரம் பார்த்துச் செல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு புயல் மாதிரி உள்ளே வந்தார். "ஏய் தாரணி! கடைக்குப் போலாம்னு சொல்லிக்கினு இருக்கச்சொல்ல எங்கடி ஓடியாந்த? முதலாளி காத்துக்கினு இருக்காரு!"

தாரணி அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அதிகாரி செல்வியை உட்காரச் சொன்னார். ஏன் பிள்ளையை நிறுத்துகிறீர்கள் என்று கேட்டார். செல்வி உட்காரவில்லை.

"நிறுத்தணும்னு எனக்கு வேண்டுதலா மேடம்? போற பஸ்ஸு அம்பது பேருக்கு எடம், ஏறறது நூறு பேரு. இவ வந்து சேர்ற வரைக்கும் நான் தறில ஒக்காந்தா கையி ஓடுமா? இந்த ஸ்கூல்லயே பன்னெண்டாவது வரைக்கும் இருந்தா நான் ஏன் கடை வாசல்ல போயி நிக்கறேன்? நீங்க எழுதிக் குடுங்க, நான் அனுப்பறேன். எழுத மாட்டீங்கன்னா எம் பொண்ணுக்கு புத்தி சொல்லாதீங்க."

பின்னால் நின்ற அம்மாக்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் சொந்த வார்த்தையில்தான் பேசினார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றைத்தான். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தலைமைப் பயிற்சிக்குப் போயிட்டு வந்தீங்களா சார்?"

"ஆமா மேடம்."

"நெனச்சேன்."

ஆணை வந்தது. பள்ளி மேல்நிலைப் பள்ளி ஆயிற்று. வாசலில் பட்டாசு வெடித்தார்கள். தாரணி என் அறைக்குள் ஓடி வந்து இனிப்பு கொடுத்தாள். அப்புறம்தான் அந்த ஆணையின் இன்னொரு பாதி எனக்கு வந்து சேர்ந்தது. உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பதவி வேறு, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பதவி வேறு. பள்ளிக்குத் தரம் உயர்ந்தால் நாற்காலிக்கும் உயரும், அதில் உட்கார்ந்திருப்பவனுக்கு உயராது. இதெல்லாம் எனக்குத் தெரிந்த விதிதான், அடுத்தவருக்கு நடக்கும்போது விளக்கம்கூடச் சொல்லியிருக்கிறேன். வாலாஜாபாத்துக்கும் அந்தப் பக்கம் ஓர் ஊருக்கு என்னை மாற்றினார்கள்.

காஞ்சிபுரத்தில் ஒருவரும் இந்த விதியை நம்பத் தயாராக இல்லை. நெசவாளர்களுக்கு அமாவாசை லீவு விட்டதற்காக அரசாங்கம் என்னைப் பழி வாங்கிவிட்டது என்றுதான் அங்கே வரலாறு. பெரிய காஞ்சிபுரத்தில் மாமனார் வீட்டுத் தெருவில் இன்றைக்கும் நான் நடந்து போனால் தறியிலிருந்து எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். "எங்களுக்காக எவ்ளோ கஷ்டம் சார் உங்களுக்கு!" மறுத்துச் சொல்லிப் பார்த்தேன். தன்னடக்கம் என்கிறார்கள். கௌரியின் சொந்தக்காரர்கள் குழுவில், 'ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு எல்லோரும் வந்துவிடுங்கள்' என்று நான் ஒரு வரி போட்டால் போதும், கீழே வரிசையாக வரும்: "மாப்ள, அப்டின்னா கல்யாணம் இருக்குதா, இல்லியா?" கௌரியே முதல் ஆளாகக் கேட்கிறாள்.

தாரணி இப்போது அதே பள்ளியில் பிளஸ் டூ. அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவளிடமிருந்து தவறாமல் எனக்கு ஒரு செய்தி வரும். "சார், நாளைக்கு லீவா?"

"ஸ்கூலுக்குப் போம்மா" என்று எழுதுவேன்.

போகிறாள்.